380 கிலோமீற்றர்: ஒரு கப்பல் பிரித்து வைத்த இரு கிராமங்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ரொறன்ரோவில் வாழும் என் நண்பர் ஒருவரின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவள் தாதியாகப் பணிபுரிபவள். கனடாவின் வடகோடியில் உள்ள நுனவுட் பிரதேசத்திற்குச் சில கிழமைகள் பணிக்குச் செல்வதாகச் சொன்னாள். "எங்கே?" என்று கேட்டேன். "கிறைஸ் ஃபியோர்ட் எண்டு ஒரு இடம், மாமா. ரெசொலூட்டில இறங்கிச் சின்ன விமானத்தில மாறிப் போக வேணும். ஒன்றரை மணித்தியாலப் பறப்புத்தான். ஆனால் காலநிலை சரியில்லாட்டி ஒரு கிழமையும் காத்திருக்க வேண்டி வருமாம்" என்றாள்.

ரெசொலூட், கிறைஸ் ஃபியோர்ட் ஆகிய இரண்டு பெயர்களையும் கேட்டவுடன் எனக்கு ஒருவித குற்ற உணர்வு ஏற்பட்டது. அதற்குக் காரணம் உண்டு. 2010 ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாள் இரவு, நான் பணியாற்றிய பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்தி மேசைக்கு ஒரு செய்தி வந்தது. வட துருவப் பகுதிக்குக் குடியகற்றப்பட்ட இனுயிற் மக்களிடம் கனடிய அரசாங்கம் மன்னிப்புக் கோரியது என்பதே அது. பக்கத்தில் இடமில்லை. அதனை ஐந்து வரிகளாகச் சுருக்கி, ஒரு மூலையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்தச் செய்தியில் இருந்த ஊர்களின் பெயர்களைக்கூட நான் வெட்டிவிட்டேன். வெட்டப்பட்ட அந்தப் பெயர்கள் இரண்டும் ஆண்டுகள் கழித்து ஒரு தமிழ்ப் பெண்ணின் குரலில் திரும்பி வந்தன.

அன்று ஐந்து வரியில் முடித்த கதையை இன்று முழுமையாகச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலில் நிலப்படத்தைப் பார்ப்போம். ரெசொலூட் கிராமம் கோர்ன்வாலிஸ் தீவின் தென்கரையில், வட அகலாங்கு 74 பாகையைத் தாண்டிய இடத்தில் இருக்கிறது. கிறைஸ் ஃபியோர்ட் அதற்கும் வடக்கே, எல்ஸ்மியர் தீவின் தென்கரையில், 76 பாகைக்கு அப்பால் மலைகளுக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கிறது. பொதுமக்கள் நிரந்தரமாக வாழும் கனடிய ஊர்களில் வடக்கே கடைசி ஊர் அதுதான். 2021ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி ரெசொலூட்டில் 183 பேரும் கிறைஸ் ஃபியோர்டில் 144 பேரும் வாழ்ந்தனர். இரண்டுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் சுமார் 380 கிலோமீற்றர். குறுக்கே டெவன் தீவு கிடக்கிறது. அதன் பரப்பு சுமார் 55,000 சதுர கிலோமீற்றர். இலங்கைத் தீவை விடச் சற்றே சிறியது. ஆனால் அங்கே நிரந்தரக் குடிமக்கள் என்று ஒருவரும் இல்லை.

இவ்விரு கிராமங்களையும் இணைக்கும் வீதி கிடையாது. கோடையின் சில வாரங்கள் மட்டுமே கடல் திறந்திருக்கும். ஆகவே ஆகாய வழியே வழி. கிறைஸ் ஃபியோர்டின் சரளைக்கல் ஓடுபாதை ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் நீளமானது. பெரிய விமானங்கள் அங்கே இறங்க முடியாது. 1965இல் முதன்முதலாகப் பறந்த, குறுகிய ஓடுபாதைகளுக்கென்றே வடிவமைக்கப்பட்ட கனடியத் தயாரிப்பான ட்வின் ஒட்டர் என்ற இரட்டை இயந்திர விமானமே நெடுங்காலமாக அந்த ஊரின் உயிர்நாடி. மணிக்கு 270 கிலோமீற்றர் அளவில் பறக்கும் அந்த விமானத்திற்கு 380 கிலோமீற்றரைக் கடக்க ஒன்றரை மணித்தியாலம் போதும். மலையிலிருந்து இறங்கும் காற்றும் மூடுபனியும் வழிவிட்டால் மட்டுமே இந்தக் கணக்குச் சரிவரும்.

கிறைஸ் ஃபியோர்டை இனுயிற் மக்கள் அவுயுயித்துக் என்று அழைக்கின்றனர். ஒருபோதும் உருகாத இடம் என்பது பொருள். ரெசொலூட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் கௌசுயித்துக். விடியல் இல்லாத இடம் என்று பொருள். நவம்பர் தொடக்கம் பெப்ரவரித் தொடக்கம் வரை இவ்விரு ஊர்களிலும் சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊருக்கு எவரும் விடியல் இல்லாத இடம் என்று பெயரிடுவார்களா? அந்தப் பெயர்களே ஒரு வாக்குமூலம். அவற்றை வைத்தவர்கள் வேறொரு நிலத்திலிருந்து வந்து, புதிய நிலத்தைக் கண்டு திகைத்தவர்கள்.

அவர்களிற் பெரும்பாலோர் வந்த நிலம் இனுக்ஜுவாக். கியூபெக் மாகாணத்தின் வடமேற்கே, ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரையில் உள்ளது. அக்காலத்தில் அதனைப் போர்ட் ஹரிசன் என்று ஆங்கிலத்தில் அழைத்தனர். சினிமா வரலாறு அறிந்த வாசகர்களுக்கு அந்தப் பகுதி பரிச்சயமானதாகவே இருக்கும். ரொபேர்ட் ஃபிளஹர்ட்டி எடுத்து 1922இல் வெளியிட்ட 'நானூக் ஒஃப் த நோர்த்' என்ற புகழ்பெற்ற படம் அங்கேதான் எடுக்கப்பட்டது. படம் எடுக்க வந்தவருக்கும் ஓர் இனுயிற் பெண்ணுக்கும் ஒரு மகன் பிறந்தார். தந்தை திரும்பி வரவேயில்லை. ஜோசபி ஃபிளஹர்ட்டி என்ற அந்த மகன் இந்தக் கதையில் மீண்டும் வருவார்.

இனுக்ஜுவாக் வளமான ஊர் என்று சொல்ல முடியாது. எனினும் அங்கே ஆறு இருந்தது, மீன் இருந்தது, பறவை முட்டைகளும் காட்டுப் பழங்களும் இருந்தன. மார்கழியின் மிகக் குறுகிய நாளிலும் ஆறு மணித்தியாலமாவது பகல் வெளிச்சம் இருந்தது. மக்கள் நரிகளைப் பொறிவைத்துப் பிடித்து, தோலை ஹட்சன் பே கம்பனியின் கடையில் கொடுத்து, மாவும் தேயிலையும் வெடிமருந்தும் வாங்கி வாழ்ந்தனர். 1940களின் பிற்பகுதியில் வெள்ளை நரித்தோலின் விலை வீழ்ந்தது. மக்கள் அரசாங்கத்தின் குடும்பக் கொடுப்பனவையும் நிவாரணத்தையும் நம்பவேண்டிய நிலை ஏற்பட்டது. விலையை நிர்ணயித்தவர்கள் அவர்கள் அல்லர். ஆனால் விலை வீழ்ந்ததும் ஒட்டாவாவில் இருந்த அதிகாரிகள் பிரச்சினை என்று இனங்கண்டது சந்தையை அன்று, மக்களையே. சோம்பேறித்தனம் பெருகுகிறது, இவர்களை வேட்டை மிகுந்த வடக்கே கொண்டு சென்று பழைய வாழ்வுக்குத் திருப்ப வேண்டும் என்று கோப்புகளில் எழுதினர்.

அக்காலத்தில் அதிகாரிகளின் கவலை அது ஒன்று மட்டுமாக இருக்கவில்லை. பனிப்போர் தொடங்கியிருந்தது. 1947 முதல் ரெசொலூட்டில் கனடாவும் அமெரிக்காவும் கூட்டாக ஒரு வானிலை நிலையத்தை நடத்தின. விமானத் தளமும் உருவானது. எல்ஸ்மியர் தீவுக்கு எதிரே, கிறீன்லாந்தின் தூலேயில் 1951 முதல் அமெரிக்கா பெரும் விமானத்தளம் ஒன்றைக் கட்டியது. கிறீன்லாந்து வேட்டைக்காரர்கள் எல்ஸ்மியர் தீவில் வந்து வேட்டையாடிச் சென்றனர். கனடாவுக்குச் சொந்தமென்று நிலப்படத்தில் இருந்த அந்தப் பெரும் தீவுகளில் கனடியக் குடிமக்கள் என்று எவரும் இல்லை. நிலம் எம்முடையது என்று உலகுக்குக் காட்டுவதற்கு அங்கே மக்கள் வேண்டும். பிற்காலத்தில் விமர்சகர்கள் இம்மக்களை 'மனிதக் கொடிக்கம்பங்கள்' என்று அழைத்தமைக்கு இதுவே காரணம்.

1953ஆம் ஆண்டு ஆர்.சி.எம்.பி. என்ற மத்திய பொலிஸ்படையின் உத்தியோகத்தர்கள் இனுக்ஜுவாக் பகுதியின் கூடாரங்களுக்குச் சென்று பேசினர். வடக்கே வேட்டை மிகுதி என்றனர். உறவினர்கள் ஒன்றாகவே இருப்பீர்கள் என்றனர். பிடிக்காவிட்டால் இரண்டு ஆண்டுகளில் திரும்பி வரலாம் என்றனர். துப்பாக்கியும் சீருடையும் நிவாரணப் பட்டியலும் ஒரே கையில் இருக்கும்போது, அந்தக் கை நீட்டுகிற வேண்டுகோளை வேண்டுகோளாக எவரும் கேட்பதில்லை. மக்கள் தலையசைத்தனர். அதிகாரிகள் அவர்களைத் 'தன்விருப்பில் முன்வந்தோர்' என்று பதிந்துகொண்டனர்.

அன்றைய அரசாங்கப் பதிவேடுகளில் இனுயிற் மக்களுக்குக் குடும்பப் பெயர் இருக்கவில்லை. 1940களில் தொடங்கி 1970கள் வரை ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த இலக்கம் பொறித்த சிறிய வட்டத் தகட்டை அவர்கள் கழுத்தில் அணிந்தோ உடையில் தைத்தோ வைத்திருக்க வேண்டும். இலக்கங்களை ஒரு பட்டியலிலிருந்து மற்றொரு பட்டியலுக்கு மாற்றுவது எளிது. அதில் யார் யாருக்கு அண்ணன், யார் யாருக்கு மருமகள் என்று எழுதப்பட்டிருக்காது.

ஜூலை இறுதியில் சி.டி. ஹவ் என்ற அரசாங்கக் கப்பல் இனுக்ஜுவாக்குக்கு வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை கிழக்கு ஆர்க்டிக் கரையோரமெங்கும் சென்று தபாலும் மருத்துவரும் பொருள்களும் கொண்டு போகும் கப்பல் அது. அதே கப்பல்தான் காசநோய் கண்டவர்களைத் தென்பகுதி மருத்துவமனைகளுக்கு ஏற்றிச் சென்றதும். சென்றவர்களிற் பலர் திரும்பி வரவில்லை. சிலரின் புதைகுழி எங்கே என்பதுகூட உறவினருக்கு நெடுங்காலம் தெரிந்திருக்கவில்லை. இதற்காகக் கனடியப் பிரதமர் 2019 மார்ச்சில் இக்காலுயிற் நகரில் மன்னிப்புக் கோரினார். அத்தகைய கப்பலில் ஏழு குடும்பங்கள் தமது நாய்களுடனும் படகுகளுடனும் ஏறின. வழியில் பொண்ட் இன்லெட் என்ற வட ஊரில் மேலும் மூன்று குடும்பங்கள் ஏற்றப்பட்டன. நீண்ட இருளில் வாழத் தெரிந்த அவர்கள், தெற்கிலிருந்து வந்தவர்களுக்குத் துணையாக இருப்பார்கள் என்பது திட்டம். இரு சாராரின் பேச்சு வழக்கும் வேட்டை முறையும் வேறு வேறு என்பது திட்டத்தில் பெரிதாக இடம்பெறவில்லை.

எல்ஸ்மியர் தீவை நெருங்கியபோதுதான் அந்தச் செய்தி சொல்லப்பட்டது. அனைவரும் ஒரே இடத்தில் இறங்கப் போவதில்லை. சிலர் இங்கே, சிலர் வேறு இடத்தில்.

அப்போது ஐந்து ஆறு வயதுச் சிறுவனாகக் கப்பலில் இருந்த ஒருவர், பின்னர் நுனவுட் பிரதேசத்தின் தந்தை என்று போற்றப்பட்ட ஜோன் அமகோவாலிக். கப்பலின் மேற்தளத்தில் பெண்கள் அழத் தொடங்கியதையும், அவர்களின் அழுகையைக் கேட்டு நாய்களும் ஊளையிட்டதையும் அவர் பிற்காலத்தில் சாட்சியமாகச் சொன்னார். ஒரு பகுதியினர் எல்ஸ்மியர் தீவின் கிறெய்க் ஹாபர் என்ற பொலிஸ் நிலையத்தருகே இறக்கப்பட்டனர். அவர்களின் குடியிருப்பே பின்னர் கிறைஸ் ஃபியோர்ட் ஆனது. தீவின் கிழக்கே அலெக்சாண்ட்ரா ஃபியோர்ட் என்ற மூன்றாவது இடமும் திட்டத்தில் இருந்தது. ஆனால் பனிக்கட்டி வழிவிடவில்லை. ஆகவே எஞ்சியவர்கள் ரெசொலூட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். செப்டெம்பர் தொடக்கத்தில் அவர்கள் கரையிறங்கினர். இனுக்ஜுவாக்கிலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர், ஆறு கிழமைப் பயணம்.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்விரு ஊர்களுக்கும் இடையே இருக்கும் 380 கிலோமீற்றர் இயற்கை வகுத்த தூரம் என்று நாம் எண்ணலாம். நிலம் இயற்கையினுடையதுதான். ஆனால் ஒரே குடும்பத்தின் இரு பாதிகளை அந்தத் தூரத்தின் இரு முனைகளிலும் வைத்தது ஓர் அலுவலகத் தீர்மானம். அந்த நாள் வரை அங்கே தூரம் என்று ஒன்று இருக்கவில்லை. ஏனெனில் ஒருவரைப் பார்க்க மற்றொருவர் போகவேண்டிய தேவை அங்கே எவருக்கும் இருக்கவில்லை.

முதற் குளிர்காலத்தைக் கூடாரங்களில் கழித்தனர். பனிவீடு கட்டுவதற்கு ஏற்ற பனி தொடக்கத்தில் போதவில்லை. ரெசொலூட்டின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே 15 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். குடிநீருக்குக் கடலில் நிற்கும் பனிப்பாறையை வெட்டி உருக்க வேண்டியிருந்தது. கஸ்தூரி எருதுகள் கண்முன்னே மேய்ந்தன. ஆனால் அவற்றைக் கொல்வது சட்டப்படி தடை. கரிபு மான் வேட்டைக்கும் கட்டுப்பாடு. கடல்நாய், வால்ரஸ் போன்ற கடல் விலங்குகளின் இறைச்சியே உணவு. ரெசொலூட்டில் இறங்கியவர்கள், சில கிலோமீற்றர் தள்ளியிருந்த விமானத்தளத்தின் குப்பை மேட்டில் வீசப்பட்ட பலகைகளால் குடிசை அமைத்தனர். அங்கே கிடந்த உணவையும் எடுத்து உண்டனர். வேட்டை மிகுந்த நாட்டில் தன்மானத்துடன் வாழ அழைத்து வரப்பட்டவர்கள் அவர்கள்.

கிறைஸ் ஃபியோர்டுக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களில் பாடி அக்கியாதுசுக் என்ற சிற்பி ஒருவர் இருந்தார். அவருடைய கற்சிற்பங்கள் தெற்கே ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தன. வந்து இறங்கி ஓராண்டு நிறைவதற்குள், 1954இல், அவர் இறந்தார். அவருடைய மகன் லரி அவுட்லாலுக் அப்போது சிறு குழந்தை. பின்னாளில் கிறைஸ் ஃபியோர்டின் மூத்த குரலாக விளங்கிய அவர், தமது நினைவுகளை 2020இல் நூலாக வெளியிட்டார். தந்தை உள்ளம் உடைந்தே இறந்தார் என்பது அவருடைய நம்பிக்கை. 1955இல் இனுக்ஜுவாக்கிலிருந்து மேலும் சில குடும்பங்கள் வடக்கே கொண்டு வரப்பட்டன. அவற்றுள் ஒன்று ஜோசபி ஃபிளஹர்ட்டியின் குடும்பம். துருவ மக்களின் வாழ்வை உலகத் திரையில் காட்டிப் புகழ்பெற்றவரின் மகன், உலகமே அறியாத ஓர் ஊரில் பொறிவைத்து வாழ்ந்து மறைந்தார். இரண்டு முறையும் சேர்த்துக் குடியகற்றப்பட்டோர் தொகை சுமார் 90.

அந்த ஆண்டுகளில் இரு கிராமங்களுக்கும் இடையே போய்வருவது எவ்வாறு? கடல் உறைந்த மாதங்களில் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில், தீவுகளைச் சுற்றி, பனிமேடுகளைக் கடந்து செல்ல வேண்டும். பொலிசார் சுற்றுக்காவலுக்காக அவ்வாறு சென்றனர். சாதாரண குடும்பம் ஒன்று குழந்தைகளுடன் உறவினரைப் பார்க்கச் செல்லக்கூடிய பயணம் அதுவன்று. மற்ற வழி, ஆண்டுக்கு ஒருமுறை வரும் கப்பல். ரெசொலூட்டில் விமானத்தளம் இருந்தது. அரசாங்கத்தின் விமானங்கள் வந்து போயின. ஆனால் அந்த விமானங்கள் இம்மக்களுக்காகப் பறக்கவில்லை. அண்ணன் இறந்த செய்தி தம்பிக்கு மாதங்கள் கழித்துப் போய்ச் சேரும் உலகம் அது.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. திரும்பிச் செல்ல வேண்டும் என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. உறவினரை இங்கே வரவழைத்துக் கொள்ளுங்கள் என்ற யோசனை கிடைத்தது. பிள்ளைகள் வளர்ந்தபோது வேறொரு சிக்கல் தோன்றியது. சில குடும்பங்கள் மட்டுமே வாழும் ஊரில், உறவுமுறை தவறாமல் பெண்ணோ மாப்பிள்ளையோ தேடுவது எப்படி? முறைப் பெண், முறை மாப்பிள்ளை பார்த்து வாழ்ந்த எமது சமூகத்தினருக்கு இந்தச் சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை.

வாக்குறுதி காப்பாற்றப்பட மூன்று தசாப்தங்களுக்கு மேல் ஆயிற்று. 1980களின் இறுதியில், இம்மக்கள் இடைவிடாது போராடியதன் பின்னர், அரசாங்கச் செலவில் சில குடும்பங்கள் இனுக்ஜுவாக்குத் திரும்பின. ஆனால் அதற்குள் வடக்கிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருந்தனர். அவர்களுக்கு ஊர் வடக்குத்தான். முதியோர் தெற்கே செல்ல, இளையோர் அங்கேயே தங்கினர். குடும்பங்கள் இரண்டாம் முறையாகப் பிரிந்தன. முதல் முறை பிரித்தது போனபோது சொன்ன பொய். இரண்டாம் முறை பிரித்தது காலம் கடந்து வந்த நியாயம். காலம் கடந்த நியாயத்தை மனமுவந்து வரவேற்க முடியாமல் போவது இதனாற்றான்.

அடுத்து நடந்தது கோப்புகளுக்கும் நினைவுகளுக்கும் இடையிலான போராட்டம். 1990இல் நாடாளுமன்றக் குழு ஒன்று மன்னிப்புக் கோருமாறு பரிந்துரைத்தது. அதே ஆண்டு, அரசாங்கம் அமர்த்திய ஆலோசனை நிறுவனம் ஒன்று கோப்புகளைப் பரிசீலித்துத் தவறேதும் நிகழவில்லை என்றது. அக்காலத்தில் பணியாற்றிய அதிகாரிகள் சிலர், தாம் நல்லெண்ணத்துடனேயே செயற்பட்டதாகச் சொன்னார்கள். அவர்களிற் சிலர் அதை உண்மையாகவே நம்பியிருக்கவும் கூடும். ஆதிக்குடிகள் தொடர்பான அரச ஆணைக்குழு 1993இல் குடியகற்றப்பட்டவர்களை நேரில் அழைத்துச் சாட்சியம் பெற்றது. 1994இல் வெளியான அதன் அறிக்கை, மக்களின் சம்மதம் சுதந்திரமாகவும் விளங்கியும் அளிக்கப்பட்ட சம்மதம் அன்று என முடிவு செய்தது. வடக்கில் கனடாவின் இறைமையை நிலைநாட்டும் எண்ணமும் இத்திட்டத்தில் பங்கு வகித்தது என்றது. மன்னிப்பும் இழப்பீடும் வேண்டும் என்றது. 1996இல் ஒரு கோடி டொலர் நிதியம் அமைக்கப்பட்டது. மன்னிப்பு மட்டும் வரவில்லை. அது வந்தது 2010 ஓகஸ்ட் 18ஆம் திகதி, இனுக்ஜுவாக்கில், அமைச்சர் ஜோன் டங்கனின் வாயிலாக. கப்பல் புறப்பட்டு 57 ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஒரு பத்திரிகையாளன் என்ற வகையில் எனக்கு இங்கே ஒரு பாடம் உண்டு. 'தன்விருப்பில் முன்வந்தோர்' என்று கோப்பில் எழுதப்பட்டிருந்தது. எழுதப்பட்டதையே ஆதாரம் என்று கொள்வது எமது தொழிலின் பழக்கம். எழுதும் அதிகாரம் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும்போது, கோப்பு எதைச் சொல்கிறது என்பதைப் போலவே அதை யார் எழுதினார் என்பதும் செய்திதான். இனுக்ஜுவாக் மக்களிடம் கோப்பு இருக்கவில்லை. அழுகையும் நாய்களின் ஊளையும் அவர்களின் ஞாபகத்தில் இருந்தன. நாற்பது ஆண்டுகள் கழித்து ஆணைக்குழுவின் முன்னால் அவர்கள் வைத்தது அவற்றைத்தான்.

தூரத்தைப் பற்றியும் எனக்கு அனுபவம் உண்டு. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்திற்கு 400 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ரெசொலூட்டுக்கும் கிறைஸ் ஃபியோர்டுக்கும் இடையிலுள்ள தூரத்திலிருந்து அது பெரிதும் வேறுபடவில்லை. யாழ்தேவி ஓடிய காலத்தில் காலையில் ஏறினால் அன்றைக்கே வீட்டில் சாப்பிடலாம். 1990இல் ரயில் நின்றது. 2002இல் ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது. அதன் பின்னர் கப்பலும் விமானமும்தான். அவற்றுக்கும் பாதுகாப்பு அனுமதி வேண்டும். செத்தவீட்டுக்குப் போக விண்ணப்பித்தவர்கள் எட்டுச் செலவு முடிந்து, அந்தியேட்டியும் முடிந்த பிறகு அனுமதி பெற்ற கதைகளை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். பறக்கும் நேரம் ஒரு மணித்தியாலம் என்று பயணச்சீட்டில் இருக்கும். எங்கள் துயரத்தையும் இனுயிற் மக்களின் துயரத்தையும் ஒரே தராசில் நான் வைக்கவில்லை. அவர்களின் கதை அவர்களுடையது. ஆனால் கிலோமீற்றர்க் கணக்கு ஒன்று, அனுமதிக் கணக்கு வேறொன்று என்பதை அறிந்தவர்கள் நாங்கள். ஆகவே அவர்களின் கதையை ஐந்து வரியில் முடிக்கும் உரிமை எங்களுக்கு மற்றவர்களை விடக் குறைவு. கனடாவின் குடிமக்களாகிவிட்ட எம்மவர்களுக்கு அந்த உரிமை இன்னும் குறைவு. ஏனெனில் அந்த நாட்டின் வரலாறு இப்போது அவர்களுடைய வரலாறுமாகும்.

இன்றும் கிறைஸ் ஃபியோர்டில் ஒரு பெண் பிரசவிக்க வேண்டுமாயின், வாரங்களுக்கு முன்னரே ஊரை விட்டுப் பறந்து சென்று, சுமார் 1,500 கிலோமீற்றர் தொலைவில் உள்ள இக்காலுயிற் மருத்துவமனைக்கோ அதற்கும் தெற்கேயோ காத்திருக்க வேண்டும். விமானம் ஒரு நாள் வராவிட்டால் கடையில் பாலும் காய்கறியும் அந்த அளவுக்குத் தாமதம். நண்பரின் மகள் அங்கே போவதற்கு ரெசொலூட்டில் நான்கு நாள்கள் காத்திருந்தாளாம். அந்த நான்கு நாள்களில் ஒரு நாள் அவள் கடற்கரைப் பக்கம் நடந்து சென்றபோது ஒரு சிலையைக் கண்டாள்.

2010 செப்டெம்பரில் இரு ஊர்களிலும் இரண்டு நினைவுச் சின்னங்கள் திறந்து வைக்கப்பட்டன. ரெசொலூட்டில் உள்ளது சிமியோனி அமகோவாலிக் செதுக்கியது. அதில் ஓர் ஆண் தனியே நிற்கிறான். அவன் பார்வை கிறைஸ் ஃபியோர்ட் இருக்கும் திசையில் இருக்கிறது. கிறைஸ் ஃபியோர்டில் உள்ளது லூட்டி பியமினி செதுக்கியது. அதில் ஒரு பெண், ஒரு குழந்தை, ஒரு நாய். அவள் ரெசொலூட் இருக்கும் திசையைப் பார்த்து நிற்கிறாள். பிரிக்கப்பட்ட குடும்பங்கள் ஒன்றையொன்று தேடுவதையே அவை காட்டுகின்றன.

"மாமா, நான் முதல்ல அந்த ஆளைப் பாத்தன். நாலு நாளைக்குப் பிறகு மற்றப் பக்கத்தில அந்தப் பொம்பிளையையும் பிள்ளையையும் பாத்தன். ரெண்டையும் பாத்தவை கனபேர் இருக்க மாட்டினம், என்ன?" என்று அவள் கேட்டாள்.

அவள் சொன்னது சரிதான். இரண்டு சிலைகளையும் ஒருவர் பார்ப்பதற்கு ஒன்றரை மணித்தியாலம் பறந்தால் போதும். அந்தச் சிலைகளாக நிற்பவர்களின் தலைமுறைக்கு அந்த ஒன்றரை மணித்தியாலம் கிடைக்கவில்லை. அவர்களிற் பலர் மற்றக் கரையைக் காணாமலே போய்விட்டனர்.

2010இல் நான் வெட்டிய இரண்டு பெயர்களையும் இங்கே திருப்பி வைக்கின்றேன்: கௌசுயித்துக், அவுயுயித்துக்.